வெற்றிலைத் தட்டு முன்னே வரட்டும்: மகளுக்கு வீட்டிலேயே மலாய் முறையில் நிச்சயம் செய்த அனுபவம்

இளையவளைப் பெண் கேட்டு ஜொகூர் மாநிலத்து மூவாரிலிருந்து ஆள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கெடாவிலிருந்து என் நாத்தனார் போன் செய்தார். என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா. பிள்ளைகளுக்கு அவர் மக் லோங், அவர் கணவர் பாக் லோங். பிள்ளைகளைப் பார்த்து நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். என்ன தேதி, எத்தனை பேர், என்ன சாப்பாடு என்று எதையும் மக் லோங் கேட்கவில்லை. “வீட்டில் தெப்பாக் சிரே இருக்கிறதா?” என்றுதான் கேட்டார்.

இல்லை. ஷா ஆலமில் இந்த வரிசை வீட்டுக்கு வந்து 24 வருடம் ஆகிறது, வெற்றிலைத் தட்டு வாங்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

நான் பினாங்கில் பிறந்த தமிழ் முஸ்லிம். வீட்டுக்காரர் அலோர் ஸ்டார் பக்கத்து மலாய்க்காரர். எங்கள் நிச்சயம் பினாங்கில் எங்கள் வீட்டு வழக்கப்படியே நடந்தது: இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பாக்கு வெற்றிலை மாற்றினார்கள், துஆ ஓதினார்கள், நெய்ச்சோறு சாப்பிட்டார்கள். மலாய்க் குடும்பங்களில் பெர்துனாங், அதாவது நிச்சயம், நடக்கும்போது விருந்தாளியாகப் பல தடவை போயிருக்கிறேன். பெண்ணைப் பெற்றவளாக முன்னால் நின்று செய்தது இதுதான் முதல் தடவை. நம் பிள்ளைகள் மலாய்க் குடும்பங்களில் சம்பந்தம் செய்வது இந்த நாட்டில் புதிது இல்லை. அடுத்து செய்யப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் மெரிசிக். சத்தமில்லாமல் விசாரிப்பது என்று சொல்லலாம். பையன் வீட்டுப் பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் வந்து, பெண்ணை வேறு யாருக்கும் பேசி வைக்கவில்லையே என்று நயமாகக் கேட்டுவிட்டுப் போவார்கள். சரி என்றால் ‘கேட்கும் மோதிரம்’ ஒன்று கொடுப்பார்கள். பெரும்பாலும் அது கல் வைக்காத வளையம், பிளந்த பிரம்பு மாதிரி இருப்பதால் பெலா ரோத்தான் என்று பெயர். நிச்சய மோதிரம் வேறு. இப்போது பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசி முடிவு செய்துவிட்டுத்தான் நம்மிடம் வருகிறார்கள், இனி விசாரிக்க என்ன இருக்கிறது என்று பலர் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். என் இளையவளும் அதையே கேட்டாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த மொத்த ஏற்பாட்டிலும் நான் எடுத்த நல்ல முடிவு அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

காரணம் பணம். நிச்சயத்தன்று கூடத்தில் 80 பேர் உட்கார்ந்திருக்க, அங்கேயே வைத்து ஹந்தாரான் தொகை, அதாவது பையன் வீடு தரும் பணம், எவ்வளவு என்று பேரம் தொடங்கி, பெண்ணின் தகப்பனார் முகம் கறுத்துப்போனதை வேறொரு வீட்டில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் அறைக்குள் அலங்காரத்தோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நிச்சய நாள் பேசி முடிக்கும் நாள் ஆகக் கூடாது. பேசி முடித்ததை மரியாதையான வார்த்தைகளில் எல்லார் முன்னிலும் சொல்லும் நாளாக இருக்க வேண்டும். அதனால் மெரிசிக்குக்கு வந்த ஆறு பேரையும் சாப்பிட வைத்துவிட்டு, மேசையைத் துடைத்து, ஒரு தாளை எடுத்து வைத்து உட்கார்ந்தோம்.

அந்தத் தாளில் முதலில் மாஸ் காவின், அதாவது மஹர், மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மணக்கொடை. மலேசியாவில் இதற்கு மாநிலத்துக்கு மாநிலம் ஒரு தொகை வைத்திருக்கிறார்கள். சிலாங்கூரில் 300 ரிங்கிட். ஜொகூரில் 22 ரிங்கிட் 50 சென் என்பது நெடுநாள் வழக்கம். மாப்பிள்ளை ஜொகூர்க்காரர் ஆனாலும் பெண் வீடு சிலாங்கூர் என்பதால் 300 என்று எழுதிக்கொண்டோம். இதில் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

மனத்தாங்கல் வருவது ஹந்தாரான் பணத்தில்தான். இது கல்யாணச் செலவுக்காகப் பையன் வீடு பெண் வீட்டுக்குக் கொடுப்பது. பழையவர்கள் இதை பெலாஞ்சா ஹாங்குஸ், எரிந்துபோன செலவு, என்பார்கள். கொடுத்தது செலவாகிப்போகும், திரும்பி வராது என்ற அர்த்தத்தில். மார்க்கத்தில் இது கட்டாயம் இல்லை, வழக்கம்தான். ஆனால் பெண் என்ன படித்திருக்கிறாள் என்று பார்த்து, டிப்ளோமாவுக்கு இவ்வளவு, பட்டத்துக்கு இவ்வளவு என்று சொல்கிற பழக்கம் ஒன்று வந்திருக்கிறது. அதைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். மகளைப் படிக்க வைத்தது அவளுக்காக. நாங்கள் வேறு மாதிரி செய்தோம். எங்கள் பக்கத்துக் கல்யாண விருந்துக்கு என்ன ஆகும் என்று உண்மையான கணக்கைப் போட்டு, அதில் பாதி என்று சொன்னோம். கணக்கைப் பார்த்ததும் பையனின் தகப்பனாருக்கு முகம் தெளிந்தது. தொகையை இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு வீட்டுக்கும் கடன் வாங்காமல் முடிந்தது என்பது போதும்.

அப்புறம் நிச்சயத்துக்கும் நிக்காஹுக்கும் நடுவில் எத்தனை மாதம் என்ற கேள்வி. ஒன்பது என்று எழுதினோம். ஒருவேளை இது நின்றுபோனால் என்ன செய்வது என்பதையும் கூச்சப்படாமல் பேசினோம். பழைய வழக்கப்படி பையன் பக்கம் முறித்தால் மோதிரமும் சீரும் பெண்ணுக்கே. பெண் பக்கம் முறித்தால் வாங்கியதை இரண்டு மடங்காகத் திருப்ப வேண்டும். பல வீடுகளில் இதை நிச்சயத்தன்று சபையில் வாய்விட்டே சொல்வார்கள். வழக்கம் ஒருபக்கம் இருக்க, சட்டமும் இருக்கிறது. சிலாங்கூர் இஸ்லாமியக் குடும்பச் சட்டம் 2003இல் 15ஆம் பிரிவு நிச்சயத்தைப் பற்றியதுதான். தக்க காரணம் இல்லாமல் முறிக்கிறவர் நிச்சயப் பரிசுகளைத் திருப்பித் தரவும், கல்யாண ஏற்பாட்டுக்கு மற்றவர் நல்லெண்ணத்தோடு செய்த செலவை ஈடுகட்டவும் வேண்டியிருக்கும். என் தம்பி சொல்லித்தான் எனக்கே தெரியும். அதனால் தாளில் எழுதியதை இரண்டு தகப்பன்மாரும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ரசீதுகளையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். நல்ல காரியத்தில் இது என்ன பேச்சு என்று யாராவது சொல்வார்கள். நல்ல மனநிலையில் இருக்கும்போதுதான் இதைப் பேச முடியும்.

இன்னொரு விஷயமும் இருந்தது. அதை நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தேன். பையனின் பெரியம்மாவே கேட்டுவிட்டார்: “அக்காவுக்கு என்ன வேண்டும்?”

என் மூத்தவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மலாய் வழக்கத்தில் அக்காவுக்கு முன்னால் தங்கைக்கு ஆனால் அதை லங்கா பெண்டுல் என்பார்கள். பெண்டுல் என்பது பழைய மர வீடுகளில் வாசலில் குறுக்கே போட்டிருக்கும் கட்டை. அதைத் தாண்டிப் போவது லங்கா. அக்காவைத் தாண்டிப் போவதால் மாப்பிள்ளை வீடு அக்காவுக்கு ஒரு சீர் கொடுக்கும். மோதிரம், துணி, கைப்பை என்று அவரவர் வசதிப்படி. வழக்கம் அன்பானது. ஆனால் சபையில் “இது தாண்டிப் போனதற்கு” என்று ஒரு தட்டை நீட்டும்போது 30 வயதுப் பெண்ணுக்கு எப்படி இருக்கும்? வந்திருக்கும் அத்தனை பெண்களும் அவளையே பார்ப்பார்கள். அடுத்து உனக்கு எப்போது என்ற கேள்வி அங்கேயே தொடங்கும்.

நான் மூத்தவளிடம் தனியாகக் கேட்டேன். வேண்டாம் என்றால் சொல்லிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, “கொடுக்கட்டும்மா, தங்கச்சிக்கு அது குறையாகத் தெரியக் கூடாது. ஆனா சபையில வேண்டாம்” என்றாள். அதை அப்படியே மூவாருக்குச் சொன்னோம். நிச்சயத்தன்று பையனின் அம்மா மாடிக்குப் போய், அவள் அறையில் உட்கார்ந்து, சரிகை நெய்த சோங்கேட் துணி ஒன்றும் சின்ன மோதிரமும் கையில் கொடுத்துவிட்டு, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தார். இந்த நிலைமை உங்கள் வீட்டில் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பேசுங்கள். அலங்காரம், சாப்பாடு எல்லாம் அப்புறம்.

மண்டபம் எடுக்கலாம் என்று என் தங்கை சொன்னாள். நிச்சயத்தை அடக்கமாகச் செய், நிக்காஹை ஊரறியச் செய் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. வீட்டில் செய்தால் இன்னொரு நன்மையும் உண்டு. கூடத்தில் எத்தனை பேர் உட்கார முடியுமோ அத்தனை பேரைத்தான் கூப்பிட முடியும். மறுத்துச் சொல்ல வீடே காரணமாக நிற்கும். எங்கள் வீடு 22 அடி அகலம். சோபா, சாப்பாட்டு மேசை, தொலைக்காட்சி மேசை எல்லாவற்றையும் எடுத்தால் தரையில் 40 பேர் சம்மணம் போட்டு உட்காரலாம். நாங்கள் 40 பேர், அவர்கள் 40 பேர் என்று பேசினோம். சடங்கு நடக்கும்போது இரண்டு பக்கத்து ஆட்களிலும் பாதிப் பேர் வெளியே கூடாரத்தில் இருக்க வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்தோம். யார் உள்ளே, யார் வெளியே என்று பெயர் எழுதியே வைத்தேன். பார்க்க நன்றாக இருக்காது என்று தயங்க வேண்டாம், அன்று வாசலில் நின்று யாரையும் வெளியே போகச் சொல்ல முடியாது.

சோபா எங்கே போனது என்றால், பக்கத்து வீட்டுச் சீன அங்கிளின் போர்ச்சுக்கு. அவர் தன் காரை வெளியே நிறுத்திவிட்டு இடம் கொடுத்தார். எதிர்வீட்டு வாசலிலும் கார் நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். தாமானில், அதாவது இப்படிப்பட்ட குடியிருப்பில், வீட்டு விசேஷம் என்றால் பக்கத்து வீடுகளுக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே நேரில் போய்ச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் சொன்னால் போதாது. சாலையை மறித்துக் கூடாரம் போடுவதாக இருந்தால் நகராண்மையிடம் அனுமதி கேட்க வேண்டும். நாங்கள் வாசலோடு நிறுத்திக்கொண்டோம்.

இனி தெப்பாக் சிரே. இதைப் பற்றி எழுத எனக்கு ஆசை அதிகம்.

மலாயில் பினாங் என்றால் பாக்கு. பெண் கேட்பதற்கு மெமினாங் என்ற சொல் வந்ததே அந்தப் பாக்கிலிருந்துதான். நான் பிறந்த தீவுக்குப் பெயரும் அதே பாக்கு. இத்தனை வருடம் இரண்டு மொழியும் பேசிக்கொண்டு இதை நான் சேர்த்து யோசித்ததே இல்லை. மக் லோங் தன் அம்மாவின் பித்தளைத் தெப்பாக்கைத் துணியில் சுற்றிக் கெடாவிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பெட்டிக்குள் செம்புல் என்கிற சின்னச் சின்னக் கிண்ணங்கள். ஒன்றில் சீவிய பாக்கு, ஒன்றில் சுண்ணாம்பு, ஒன்றில் காம்பிர் என்கிற துவர்ப்புக் கட்டி, ஒன்றில் புகையிலை, ஒன்றில் கிராம்பு. பக்கத்தில் காச்சிப் என்கிற பாக்குவெட்டி. பினாங்கிலிருந்து வந்திருந்த என் உம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டு, “இது நம்ம வெத்தலைத் தட்டுதானே” என்றார். மக் லோங்குக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் புரிந்துகொண்டு தலையாட்டினார்.

வெற்றிலையில்தான் நான் தவறு செய்தேன். சனிக்கிழமை விசேஷம். புதன்கிழமையே கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் போய் வாங்கி வந்து, பத்திரமாக இருக்கட்டும் என்று குளிர்ப்பெட்டியில் வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை மக் லோங் கட்டைப் பிரித்தபோது பாதி இலையில் கறுப்புத் திட்டு. குளிர் பட்டுக் கருகியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, இலைகளை மடித்து ஓரமாக வைத்தார். அன்று மாலை அலுவலகம் விடுகிற நேரத்து நெரிசலில் ஜாலான் தெங்கு கிளானாவுக்குத் திரும்பப் போனேன். பூக்கடை அக்கா மூன்று கட்டு எடுத்துக் கொடுத்து, ஈரத்துணியில் சுற்றி வாழையிலைக்குள் வை, குளிர்ப்பெட்டிப் பக்கமே போகாதே என்றார். அப்படியே செய்தோம். காலையில் பறித்த இலை மாதிரியே இருந்தது. வெற்றிலையை முதல்நாள் மாலைக்கு முன்னால் வாங்காதீர்கள். தேவைக்கு இரண்டு பங்கு வாங்குங்கள், ஏனென்றால் பாதி கழிந்துபோகும். நடுநரம்பின் இருபக்கமும் கிளைநரம்புகள் நேருக்கு நேர் சந்திக்கிற இலை உசத்தி. மக் லோங் ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அப்படிப்பட்டதை மட்டும் மேலே அடுக்கினார். அந்த இரவு உம்மாவும் அவரும் பாய் விரித்து உட்கார்ந்து இலை துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

மற்றத் தட்டுகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். பையன் வீடு ஐந்து கொண்டுவந்தால் பெண் வீடு ஏழு, ஏழு என்றால் ஒன்பது. பெண் வீடு இரண்டு கூடுதலாகப் பதில் கொடுப்பதே பொதுவான வழக்கம். எங்களுடையதில் தெப்பாக் சிரே போக பாஜு மெலாயு என்கிற மலாய் ஆண் உடைக்குத் துணி, அதன் மேல் இடுப்பில் சுற்றும் சம்பின், செருப்பு, வாசனைத் திரவியம், கேக், சாக்லேட். தட்டும் கண்ணாடிப் பெட்டியும் வாடகைக்குக் கிடைக்கும். சிறு பரிசுப் பெட்டிகளை நீலாய் 3 என்கிற மொத்தக் கடைப் பகுதியில் வாங்கினோம். அலங்காரம் முழுக்க மூத்தவள் கை. தெப்பாக்குக்கு மட்டும் மல்லிகைப்பூ, மற்றதற்குத் துணிப்பூ. நம் ஊர் வெயிலில் பச்சைப்பூ மதியத்துக்குள் தொங்கிவிடும்.

ஐந்துக்கு ஏழு என்று பேசியிருந்தோம். முதல்நாள் இரவு பத்து மணிக்குப் பையன் அம்மாவிடமிருந்து செய்தி: பாட்டியும் அத்தையும் ஆசைப்பட்டு ஆளுக்கு ஒன்று சேர்த்துவிட்டார்கள், ஏழு தட்டு வருகிறது. அவர்கள் மேல் கோபப்பட முடியுமா? மக் லோங் கெடாவிலிருந்து கொண்டுவந்த பஹுலு என்கிற முட்டைக் கேக் ஒரு தட்டு, வீட்டில் இருந்த ஆரஞ்சும் திராட்சையும் ஒரு தட்டு என்று ஒன்பதாக்கினோம். அதனால் சொல்கிறேன், சுற்றிய வெறும் தட்டு இரண்டும், அடுக்க ஏதாவது பலகாரமும் பழமும் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டை 80 பேருக்குச் சமையல்காரரிடம் ஒப்படைத்தோம். தலைக்கு 22 ரிங்கிட், நாசி மிஞாக் என்கிற நெய்ச்சோறு, அயாம் மாசாக் மேரா என்கிற சிவப்புக் கோழிக் குழம்பு, மாட்டிறைச்சிக் குருமா, அன்னாசிப் பச்சரி, குடிக்க சிராப் பண்டோங் என்கிற ரோஜாப் பால். ஊர்ப்பக்கம் என்றால் அண்டை அயலார் கூடிச் சமைப்பார்கள், ஜொகூரில் அதை ரெவாங் என்பார்கள். ஷா ஆலமில் சனிக்கிழமை காலை யாரை எழுப்புவது? ஆனால் ஒன்றையாவது வீட்டில் சமைக்க வேண்டும் என்று உம்மா பிடிவாதமாக இருந்தார். தால்ச்சா என்று அவர்கள் சொல்வதும் நம் தாளிச்சாவும் ஒன்றுதான். பருப்பு, கத்தரிக்காய், மாங்காய், எலும்பு போட்டு உம்மா நின்று செய்தார். சமையல்காரர் கொண்டுவந்தவை மிஞ்சின. தாளிச்சா மிஞ்சவில்லை.

நேரம் 11 மணி என்று வைத்தோம். மூவாரிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது, எட்டு வண்டி. எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் வந்து சேராது. அதனால் எங்கள் தாமான் சூராவில், அதாவது சிறு தொழுகைக்கூடத்தில், முதலில் கூடச் சொன்னோம். அங்கே கழிப்பறை உண்டு, சம்பினைச் சரி செய்துகொள்ளலாம், தட்டுகளை வண்டியிலிருந்து இறக்கி வரிசைப்படுத்தலாம். சூராவுக்கு எங்கள் ஆள் ஒருவரை அனுப்பியிருந்தோம். அவர் போன் செய்ததும் இங்கே வாசலில் எல்லாரும் தயார். வெற்றிலைத் தட்டு முன்னே, பின்னால் மோதிரம், அதன் பின் மற்றவை என்று பெண்கள் ஏந்தி வந்ததைப் பார்க்க அத்தனை அழகாக இருந்தது. நடுவில் வெள்ளைத் துணி விரித்து, அவர்கள் தட்டு ஒருபக்கம், எங்கள் தட்டு எதிர்ப்பக்கம் வைத்தோம்.

பேசுவது தகப்பன்மார் இல்லை, வாக்கில் என்கிற பேச்சாளர்கள். எங்களுக்குப் பாக் லோங். அவர்களுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். இரண்டு பேருமே பந்துனில் பேசினார்கள். நாலு வரி, முதல் இரண்டில் ஏதோ ஒரு காட்சி, கடைசி இரண்டில் சொல்ல வந்தது, ஒன்றும் மூன்றும், இரண்டும் நாலும் ஓசையில் ஒத்துப்போகும். 2020இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் இந்தோனேசியாவும் மலேசியாவும் சேர்ந்து இதைப் பதிவு செய்தன. பட்டியலில் இருப்பது வேறு, கூடத்தில் கேட்பது வேறு. தோட்டத்தில் ஒரு பூ மலர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தோம், வேலி போட்டாகிவிட்டதா என்று ஆசிரியர் கேட்க, வேலி இல்லை, ஆனால் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர்களைக் கேட்க வேண்டும் என்று பாக் லோங் பதில் சொன்னார். என் வீட்டுக்காரர் குனிந்துகொண்டார். கண்ணைத் துடைத்தார் என்று எனக்குத் தெரியும்.

இங்கே ஒரு சின்ன யோசனை. இரண்டு வாக்கிலையும் ஒரு வாரத்துக்கு முன்பே போனில் பேச வையுங்கள். மெரிசிக்கில் எழுதிய தாளின் நகலை இருவருக்கும் கொடுங்கள். இந்தப் பந்துனுக்கு நடுவில் தொகை, மாதம், தட்டு எல்லாம் வரிசையாகச் சொல்லப்படும், ஒரு எண் மாறினாலும் சபை சலசலக்கும். எங்கள் பாக் லோங் அதைத் தாளைப் பார்த்தே படித்தார். யாரும் குறையாக நினைக்கவில்லை.

பேச்சு முடிந்ததும் பாக் லோங் அவர்களுடைய தெப்பாக்கைத் திறந்து ஒரு வெற்றிலை எடுத்தார். சம்மதம் என்று அதற்குப் பொருள்.

அதுவரை இளையவள் அறைக்குள்தான். பிறகு அழைத்து வந்து சிறிய பெலாமினில் உட்கார வைத்தோம். பின்னால் ஒரு திரை, தரையில் மெத்தை, அவ்வளவுதான். பையனின் அம்மா மோதிரம் போட்டார். இவள் குனிந்து அவர் கையை முத்தமிட்டாள், அவர் நெற்றியில் முத்தமிட்டார். பையன் போடக் கூடாது, இன்னும் நிக்காஹ் ஆகவில்லை. முன்பெல்லாம் பையன் வரவே மாட்டான். இப்போது வருகிறார்கள். இவர் வெளியே கூடாரத்தில் ஆண்களோடு உட்கார்ந்திருந்தார். இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கலாமே என்று படம் எடுத்தவர் கேட்டபோது மக் லோங் வேண்டாம் என்று கை காட்டினார். குடும்பத்தோடு சேர்ந்து ஒரே ஒரு படம் எடுத்தோம். மோதிர அளவை மெரிசிக் அன்றே நூலால் எடுத்துக் கொடுத்திருந்ததால் அதில் சிக்கல் வரவில்லை.

துஆ ஓதி முடிந்து ஒரு மணி தாண்டி லுஹர் தொழுதோம். பாதிப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அக்டோபர் மாதம், கிள்ளான் பள்ளத்தாக்கில் மதியத்துக்கு மேல் இடிமழை வரும் என்று தெரிந்துதான் காலை நேரத்தை வைத்தோம். சடங்கு தப்பியது. ஆனால் கூடாரம் போட்டவர் இரண்டு கூடாரம் சேரும் இடத்தில் மழைத்தண்ணீர் வடியும் தகரத் தாரை வைக்காமல் விட்டிருந்தார். அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் கொட்டியது. அதன் கீழேதான் சாப்பாட்டு மேசை. எல்லாரும் ஆளுக்கொரு பாத்திரமாகத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினோம். மாப்பிள்ளைப் பையன் பாஜு மெலாயுவோடு நனைந்துகொண்டே சோற்றுப் பெட்டியைத் தூக்கி வந்தார். கூடாரக்காரர் கிளம்புவதற்கு முன் இணைப்பில் தாரை இருக்கிறதா என்று நீங்களே நிமிர்ந்து பாருங்கள். மேசையை இணைப்புக்குக் கீழே போடாதீர்கள்.

மழை விட மூன்றரை ஆனது. அதுவரை யாரும் கிளம்ப முடியவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் இரண்டு குடும்பமும் உண்மையாகப் பேசிக்கொண்டன. என் உம்மாவும் மூவார்ப் பாட்டியும் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் 80 தாண்டியாயிற்று. எங்கள் தெப்பாக் பதில் தட்டோடு மூவாருக்குப் போகக் காத்திருந்தது. அவர்களுடையதுதான் பிரித்துக் கிடந்தது. அதிலிருந்து பாட்டி ஓர் இலை எடுத்துச் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து உம்மாவிடம் நீட்டினார். உம்மா வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு வேண்டும் என்று விரலால் காட்டினார்.

கிளம்பும்போது எங்கள் ஒன்பது தட்டும் அவர்கள் வண்டியில் ஏறின. ஆளுக்கொரு புங்ஙா தெலூர் என்கிற பூ வைத்த முட்டைப் பரிசு, ஓட்டிவந்தவர்களுக்கு வழியில் சாப்பிடப் பொட்டலம். தெப்பாக் இரவல் என்பதால் திரும்பி வர வேண்டும் என்பதை முன்பே சொல்லியிருந்தோம். பத்து நாளில் பையனின் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் காய வைத்து, மக் லோங் கொண்டுவந்த அதே துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். பள்ளி விடுமுறைக்குக் கெடா போகும்போது எடுத்துப் போக வேண்டும்.

நிக்காஹுக்கு முன் இரண்டு பிள்ளைகளும் கல்யாணப் பயிற்சி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும், அரசாங்க கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும். தேதி குறித்தாயிற்று. அந்த ஒரு தாள் இன்னும் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. முடிந்ததை எல்லாம் இளையவள் பச்சை மையால் கோடு போட்டு வருகிறாள்.